நெஞ்சில் தடவிய எண்ணெய்

அன்பு மகள் டெல்னாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் தம்பியும் நானும் ஒரே அறையில், ஆஸ்பத்திரி வார்டில்தான் என்றாலும், சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும். தம்பி லிண்டோவை ஐசியுவிலிருந்து மாற்றிவிட்டதை அப்பா போனில் சொல்லியிருப்பார். அவர் பக்கத்தில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியாததை எழுதி, அயர்லாந்து திரும்பும் உன் தோழி சுமியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எலிக்காய்ச்சல் முற்றி மூச்சுக்குக் குழாய் போட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தது தம்பியை மட்டுமல்ல, ஆர்யா என்ற நர்ஸையும்தான். ஆரியங்கோட்டுக்காரி, உன் வயதுதான் இருக்கும். அவன் முகத்தைத் துடைப்பாள், உதட்டைப் பஞ்சால் நனைப்பாள், காதருகே குனிந்து ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அவனுக்குத் தலை சீவி வகிட்டை வலப்பக்கம் எடுத்திருந்தாள். அவன் பிறந்ததிலிருந்து நான் இடப்பக்கம்தான் எடுப்பேன். அதிலும் அவன் அழகாகவே இருந்தான், அதுதான் எனக்கு ஆத்திரம். எங்களை உள்ளே விடுவதே கொஞ்ச நேரம், அதிலும் தொடவேண்டாம் அம்மச்சி என்பாள். நம் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான், ஆனாலும் ஏன் தொடக்கூடாது என்று கேட்க நாக்கு எழவில்லை.

ஒரு நாள் பங்குச் சாமியார் செபித்துத் தந்த எண்ணெயைக் கைக்குட்டையில் மறைத்துக் கொண்டுபோய், காய்ச்சல் வந்தால் நாம் செய்வதுபோல அவன் நெஞ்சு முழுக்கத் தடவிவிட்டேன். வயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் வழுக்கிக் கழன்றன. மெஷின் அலறியது, திரையில் கோடு நேராக ஓடியது, என் பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன். ஆர்யா ஓடிவந்து முதலில் அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒண்ணும் இல்ல அம்மச்சி, ஸ்டிக்கர் எளகினதாக்கும் என்றாள். எண்ணெயைத் துடைத்துப் புதிதாக ஒட்டினாள், யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இனி எண்ணெய காலில தேச்சுக்கோங்க, நெஞ்சு எனக்க டிபார்ட்மெண்டாக்கும் என்று சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெற்றவளுக்குக் கால், நெஞ்சு அவளுக்கு.

குழாயை எடுத்த பிறகு கரகரத்த குரலில் தம்பி என்னிடம் முதலில் கேட்டது, ஆர்யா சேச்சிக்கு டூட்டி முடிஞ்சாச்சா என்றுதான். வெளியே வந்து நான் அழுவதைப் பார்த்து அப்பா, எடி ப்ளோரன்ஸே, மருமவ வாறதுக்கு முன்னாலயே உனக்கு மாமியா கொணம் வந்தாச்சே என்று கேலி செய்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவுக்கு எந்த இடத்தில் என்ன பேசுவதென்று எப்போது தெரிந்திருக்கிறது.

வார்டுக்கு மாற்றும்போது டிராலியோடு வந்தவளும் அவள்தான். தம்பி அவள் விரலைப் பிடித்திருந்தான். அதை மெல்ல விடுவித்து அவன் கையை என் கைக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வார்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவன் வகிட்டை மாற்றினேன்.

மக்கா, உன்னைப் பற்றியும்தான் நினைத்தேன். நீயும் அங்கே நர்ஸாக யாரோ பெற்ற பிள்ளைகளைத் துடைத்துவிடுகிறாய். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கிடைக்காத உன் கை அவர்களுக்குத் தினமும் கிடைக்கிறது. அந்த ஊர் அம்மாமார் மேலும் எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருத்தி கதவருகே நின்று உன்னை முறைத்தால், கோபித்துக்கொள்ளாதே, குணம் கெட்டவள் என்றும் நினைக்காதே. முடிந்தால் அவளை உள்ளே கூப்பிட்டு, துடைக்கிற துணியை அவள் கையில் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காக்கட்டும். நாளைக் காலை டிஸ்சார்ஜ். போகுமுன் ஐசியு வாசலில் நிற்கப் போகிறேன். என்ன பேசுவேனோ தெரியாது, உனக்கு வாங்கிவைத்திருந்த நேந்திரங்காய் சிப்ஸில் பாதியை ஆர்யாவுக்காக எடுத்துவிட்டேன்.

உன் அம்மா,
ப்ளோரன்ஸ் பயஸ்