ஆராயி அக்கா கீழே வைத்த கோப்பை

துவாரகா,
ஞாயிறு காலை.

அன்புள்ள அனிருத்துக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உனக்கு அதைப் பற்றி ஒரு கருத்து வந்துவிடுகிறது. வாட்ஸப்பில் எழுதினால் பதிலுக்கு ஏதாவது வீடியோ அனுப்புகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன் அலுவலக நண்பர் ஐயப்பன் ஜனக்புரியில் தன் பெற்றோரைப் பார்க்க வந்திருக்கிறார் அல்லவா, அவர் மெல்போர்ன் திரும்பியதும் இதை உன் கையில் கொடுப்பார். கூடவே ஒரு பொட்டலமும் தருவார்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. பள்ளியில் செய்முறைத் தேர்வுகள் நடக்கின்றன. நம் பிளாக்கில் லிஃப்ட் மறுபடியும் பழுது, ஏறி இறங்கி முழங்கால் வலிக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் கோபம்.

நீ ஆஸ்திரேலியா போன பிறகு நம் பேச்சு என்னவாகிவிட்டது என்று யோசித்தாயா? சிக்கரி கலந்தது காப்பியே இல்லை என்றாய். பால் ஊற்றுவது பாவம் என்றாய். எத்தியோப்பியாக் காப்பிக்கொட்டை, அதை அரைக்க ஒரு கருவி, பொடியை நிறுக்க ஒரு தராசு, தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஒரு கெண்டி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து இறங்கியது. காலையில் மெட்ரோவுக்கு ஓடுகிறவள் ஆய்வகம் நடத்துவது போலக் காப்பி போட வேண்டும். ராத்திரியில் தயிர் கூடாது என்றாய். மைக்ரோவேவில் சூடு பண்ணினால் சத்தெல்லாம் போய்விடும் என்று பயமுறுத்தினாய். அப்புறம் வேறு யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, அதில் சூடு பண்ணினால்தான் சத்து தங்கும் என்றாய். நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். நுண்ணலை சாப்பாட்டை என்ன செய்கிறது என்று என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். உனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சிலருக்குப் பாட்டு, சிலருக்குக் கிரிக்கெட், உனக்குக் கருத்து என்று விட்டுவிட்டேன். தனியாக இருக்கிறவன், பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று இரக்கம்கூடப் பட்டேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ அதைப் பார்த்தாய். ஆனால் பார்த்தது உனக்குப் புரியவில்லை, அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

ஆராயி அக்கா அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். நான் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவர் மகள் மஹாலட்சுமிக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். பயணிகளின் பெட்டிகளை எடைபோட்டு அனுப்பும் கவுன்ட்டரில். கட்டட வேலைக்காகக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. அந்தப் பெண் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். செய்தியை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அக்கா பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்திருந்தார். பாத்திரமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தேன். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். நல்ல செய்தி கொண்டுவந்தவருக்கு வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நீ அனுப்பிய கொட்டையை அரைத்தேன். நம் கல்யாணத்துக்கு வந்த நீலக் கோப்பைகளை எடுத்தேன். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, என்னம்மா இது புளிக்குது என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் அக்கா என்று நானும் சிரித்தேன்.

அப்போதுதான் சுவரிலிருந்து உன் குரல் வந்தது.

"மாதங்கி, அவங்களுக்கு எதுக்கு அந்த பீன்ஸ்? இன்ஸ்டன்ட் போட்டுக் குடு, போதும். அந்த நாக்குக்கு வித்தியாசம் தெரியவா போறது?"

நீ கத்தவில்லை. மைக்ரோவேவைப் பற்றிப் பேசும் அதே சாதாரணக் குரலில் சொன்னாய். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நீ ஊரிலிருந்து வந்துவிட்டாய் என்று நினைத்து அக்கா சட்டென்று எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகுதான் டிவிக்கு மேலே நீ மாட்டிய கேமராவின் சின்ன விளக்கு எரிவதைக் கவனித்தார். கோப்பையை மேஜைமேல் வைத்தார். "தம்பி அங்கிருந்தே நம்மளப் பாக்குறாராம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார். அன்றைய வேலை முழுவதையும் முடித்தார். போகும்போது வரேன்மா என்று சொல்லவில்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

அன்றைக்கே நீ போன் செய்தாய். மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்றுதான் எடுத்தேன். நீயோ நாக்கின் சுவை மொட்டுகளைப் பற்றிப் பேசினாய். ருசி என்பது பயிற்சி, அது அறிவியல், யாரையும் தாழ்த்திச் சொல்லவில்லை என்றாய். அக்காவுக்கு ஒரு பாட்டில் இன்ஸ்டன்ட் வாங்கிக் கொடுத்துவிடு, சரியாகிவிடும் என்றாய். தயவுசெய்து அறிவியலை இதற்குள் இழுக்காதே. அதை நான் தினமும் பிள்ளைகள் முன்னால் நின்று நடத்துகிறேன். ஒரு மனுஷியை முகத்துக்கு நேரே மட்டம் தட்டலாம் என்று அதில் எந்தப் பாடமும் இல்லை.

அது ஒரு கோபம். இன்னொன்று எனக்குச் சாவகாசமாகத்தான் உறைத்தது. அன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கேமராவை மாட்டியபோது நீ என்ன சொன்னாய்? என் போன் வீட்டுக்குள் வந்ததுமே அது தானாகத் தூங்கிவிடும், நான் வெளியே போன பிறகுதான் விழிக்கும், திருட்டுப் பயம் இருக்காது என்றாய். செவ்வாய்க்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன், அனிருத். போன் என் கையில்தான் இருந்தது.

அப்படியென்றால் எத்தனை நாளாக? நான் சோபாவில் சுருண்டு படுத்திருந்த சாயங்காலங்களில் உன்னிடமிருந்து போன் வரும். என்னமோ உன் ஞாபகம் வந்தது என்பாய். மனசு சரியில்லாத நாளில் சரியாக அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுகிறானே, கடல் தாண்டி இருந்தாலும் இவனுக்குத் தெரிந்துவிடுகிறதே என்று நான் பூரித்துப்போயிருக்கிறேன். பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஸ்நேஹாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சந்தோஷங்களையெல்லாம் இப்போது நான் என்ன செய்வது, சொல். எதைப் பார்த்தாய், எது தானாகத் தோன்றியது என்று ஒவ்வொரு போனையும் நினைத்து நினைத்துப் பிரிக்கிறேன். பிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆராயி அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. காப்பிப் பேச்சுக்காகத்தான் கோபம் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார். நாலு வீட்டில் வேலை செய்கிறவள், பேச்சு வாங்காத நாள் உண்டா என்றார். அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது வேறு. வேலை முடிந்ததும் அவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கால் நரம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வார். புடவையை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தானே.

"அதையெல்லாம் பாத்திருப்பாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். மகள் காதில் விழக் கூடாது என்று அவ்வளவு மெதுவாக.

எனக்குத் தெரியாது அக்கா என்றேன். அதைவிட ஒரு கேவலமான பதிலை நான் என் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை. என்மேல் கோபமில்லை என்றும், ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே நின்று தன்னால் வேலை செய்ய முடியாது என்றும் சொன்னார். அடுத்த பிளாக்கில் வேறு வீடு பேசிவிட்டாராம்.

மகள் காதில் விழத்தான் செய்திருக்கிறது. நேற்று மஹாலட்சுமி வந்தாள். புது வேலைக்கு வாங்கிய கறுப்பு ஷூவோடு வாசலில் நின்று, அம்மா வேலை செய்த வீட்டை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. அறை அறையாக நடந்தாள். தமிழும் ஹிந்தியுமாகக் கலந்து ஒவ்வொன்றையும் காட்டி, "யே க்யா ஹை, இது என்ன, ஆன்ட்டி? இதுக்கும் கண் இருக்கா? இது காது கேக்குமா?" என்று கேட்டாள். காற்றைச் சுத்தம் செய்கிற டப்பா, கூப்பிட்டால் பதில் சொல்கிற உருண்டை, கைபேசியால் எரிகிற விளக்கு. அவள் கேட்கக் கேட்க நான் பின்னாலேயே போனேன். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் வீட்டுக்குள் நானே விருந்தாளி போல நின்றேன். கோபம் வந்து கூடத்துக் கேமராவை ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். ஸ்டூலை அவள் பிடித்துக்கொண்டாள். உருண்டையையும் பிடுங்கினேன். ஐயப்பன் கொண்டுவரும் பொட்டலத்தில் இரண்டும் இருக்கின்றன. மிச்சமிருந்த கொட்டையும் இருக்கிறது, நீயே குடி.

போகும்போது மஹாலட்சுமி, அம்மா இனிமேல் இங்கே வேலைக்கு வர மாட்டார், ஆனால் உங்களைப் பார்க்க வருவார் என்றாள். அதுவே எனக்குப் பெரிது. நீ அவரிடம் பேச வேண்டும், அனிருத். சுவை மொட்டுகளைப் பற்றி அல்ல. கால் எண்ணெய் விஷயத்துக்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறதோ அதை, அவர் நிம்மதியாக நடமாடுகிற மாதிரி, உன் வாயால் சொல்.

இனி எனக்கும் உனக்கும் நடுவில் உள்ளது. படுக்கையறையில், என் தலைமாட்டில், பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய கடிகாரம் இருக்கிறது. மஹாலட்சுமி அதன் கண்ணாடிக்குள் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி எண்களை மங்கலாக்குகிற உணரியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரு திருப்புளி இருந்தால் நானே பிரித்துப் பார்த்துவிடுவேன், அந்த அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கிறது. ஆனால் நான் பிரிக்கவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியதை அந்தக் கடிகாரம் சொல்லக் கூடாது, நீ சொல்ல வேண்டும்.

உன்னோடு வந்து இருப்பதற்கான என் விசா வந்துவிட்டது. புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. பள்ளிக்கு ராஜினாமாவை இன்னும் கொடுக்கவில்லை. முதல்வர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், தேர்வு முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அங்கே கொளுத்தும் வெயில் என்று ஐயப்பன் சொன்னார். வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு, உனக்குப் பிடித்ததைச் சாப்பிடு. ஆண்டவன் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

போன் செய்யாதே. உன் கையெழுத்தில் எழுது. அது வெறும் கடிகாரம்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும். உண்மையாக இருந்தால் மட்டும் எழுது.

மாதங்கி