இரண்டு மைல் நகர்ந்த கடை

அன்புள்ள தம்பிக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, டோனட் பெட்டியைக் கல்லாவுக்கு இடப்பக்கம் மாற்றுவதென்று முடிவு செய்திருக்கிறேன். வலப்பக்கம் இப்போது காலை வெயில் அடிக்கிறது. கடை திசை மாறி நிற்கிறது. இரண்டு மைல் தள்ளியும் நிற்கிறது.

அப்பா உனக்கு நிலத்தையும் எனக்கு அதன் மேல் நின்ற சாப்பாட்டுக் கடையையும் எழுதிவைத்தபோது, கிறுக்குத்தனம் என்று இருவருமே சொன்னோம். நீ நிலத்தை விற்றதும், அடுக்குமாடி கட்டப்போகும் கம்பெனி கடையை இடிக்கத் தேதி குறித்து எனக்குக் கடிதம் போட்டது. நம் சமையல்காரர் லாஸ்லோ கடைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "முதலாளியம்மா, இது கட்டடமே இல்ல! சிமெண்ட் மேடை மேல வெறும் போல்ட்டுதான் போட்டிருக்கு!"

1954-ல் பாட்டர்சன் தொழிற்சாலையில் ரயில்பெட்டி போலச் செய்து, முழுக் கடையும் லாரியில் வந்ததை நாம் மறந்தேபோயிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி லாரியில் ஏற்றினோம். தினமும் சாப்பிட வரும் திருமதி டியர்னி மட்டும் இறங்க மறுத்தார்.

"உள்ள ஆள் இருக்கக் கூடாதும்மா," என்றார் லாரிக்கு வழிவிட வந்திருந்த போலீஸ்காரர்.

"முட்டை பாதிதான் தின்னிருக்கேன் ராசா. வண்டியை மெதுவா விடச் சொல்லு."

சொன்னார். எவர்சில்வர் சுவர்கள் வெயிலில் மின்ன, நெடுஞ்சாலையில் கடை ஊர்வலம் போனது. கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். திருமதி டியர்னி முள்கரண்டியை ஆட்டினார். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

உன் ஜன்னலோர இருக்கையில் யாரையும் உட்கார விடுவதில்லை. கேட்பவர்களிடம் ஸ்பிரிங் உடைந்திருப்பதாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சொன்ன தேதியில், பழைய இடத்துக்குக் கம்பெனியின் இயந்திரம் வந்தது. சிமெண்ட் மேடையை இடித்துவிட்டுப் போனது.

உன் அக்கா