துளையின் மறுபக்கம்

வெள்ளி, இரவு.

முன்பு பள்ளியில் விடைத்தாள் கட்டு ஒன்றில் நூல் கோக்க நான் துளையிட்டபோது, "கடைசித் தாள் மட்டும் ஏன், சேர், கிழியுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அடியில் தாங்க ஒன்றுமில்லை என்றேன்.

இன்று தம்பி நசீரின் செயற்கைப் பாதத்தில் அதையே கண்டேன். கார்பன் நாரை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த பாதம் அது. போல்ட் பொருந்தவில்லை என்று, தோணி பழுதுபார்க்கும் மச்சான் புதுத் துளை போட்டார். ட்ரில் பிட் மழுங்கியிருந்தது. அடியில் பலகை வைக்காமல் முழுப் பலத்தோடு அழுத்தினார். மறுபக்கத்தில் அடுக்குகள் பிய்ந்து நாராக நின்றன. அதன்மேல் தோணிக்குப் பூசும் ரெசின் பசையைப் பூசித் தேய்த்து மினுக்கிவிட்டார்.

"உள்ளுக்குப் பிரிஞ்சிருக்குமே மச்சான்?" என்றேன்.

"நீங்க இன்னும் விடைத்தாள் திருத்துறீங்க மச்சான். கடலையே தாங்குற ரெசின், இவனத் தாங்காதா?"

நசீர் அண்ணனான என்னைப் பார்த்துச் சிரித்தான். "நாளைக்கு நாவிதன்வெளி வயல் வரம்புல நடந்து காட்டுறன் காக்கா."

கால் போன பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்த்தேன். அதைக் கெடுக்க மனமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வரம்பின் நடுவில் அது முறிந்தால்? ரெசின் மூடியதைக் கண் காணாது. அடுக்கு பிரிந்த இடம் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். விடியலில் சுபஹ் தொழுததும், அவன் பாதத்தை மாட்டுமுன், துளையைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிக் கேள் என்று எனக்கே எழுதி வைக்கிறேன்.