சிதம்பரம் கிளையில் எச் டிரைவ்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஷூ நனைந்து நாள் முழுக்க ஈரக் கால்.

கடலூர் ஆபீஸ் வேலை முடிந்தது. யார் எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலும் சர்வரில் உள்ள அவரவர் ஃபோல்டர் எச் டிரைவாகத் தானே வந்துவிடுகிறது. பாக்கி சிதம்பரம் கிளை. மழை விட்டதும் போகலாம் என்றிருந்தேன்.

மதியம் அங்கிருந்து அமுதா போன். பில் போடுகிறவள். பிரசவ லீவு முடிந்து வந்தால் அவள் சீட்டில் வேறு ஆள். எந்த இடம் காலியோ அங்கே வேலை.

"அண்ணா, நான் அடிச்சது எது எந்த மெஷின்ல கெடக்குதுன்னே தெரியல. வேலையே செய்யலன்னு மேனேஜர் மெமோ குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழம பதில் தரணுமாம்."

பார்க்கிறேன் என்றேன். அப்புறம் எதிலும் கை ஓடவில்லை.

நவ. 5, புதன்

மழை ஜாஸ்தி. இங்கிருந்தே சிதம்பரம் கம்ப்யூட்டர்களுக்கும் அதே செட்டிங். அமுதாவை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

"வரலண்ணா."

மறுபடி.

"இப்பவும் வரல."

இங்கே வருகிறது, அங்கே வரவில்லை. ஏன்? டீ மேல் டீ. வாங்க வேண்டியது: குடை, தோசை மாவு. இரண்டும் மறந்தாச்சு.

ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி ராணி: "என்னங்க, தட்டுல கைய வச்சிகிட்டு செவுத்தப் பாக்குறீங்க?"

நாளைக்கு நேரில் போய்விட வேண்டியதுதான்.

நவ. 6, வியாழன்

புதுச்சத்திரம் தாண்டி ரோடு வேலை. பஸ் நகரவே இல்லை. இறங்கி ஓடிவிடலாம் போல.

நேரில் பார்த்ததும் புரிந்தது. அங்கே ஆள் லாகின் செய்து முடித்த பிறகுதான் நெட்வொர்க்கே வருகிறது. ஃபோல்டரைத் தேடும் நேரத்தில் சர்வருக்கு வழி இல்லை. நெட்வொர்க் வரும்வரை லாகின் காத்திருக்கும்படி மாற்றினேன். எச் டிரைவ் வந்தது!

பிறகு ஒவ்வொரு மெஷினாக, அமுதா பெயரில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி அவள் ஃபோல்டரில் சேர்த்தேன். எத்தனை பில்! இதுதான் வேலையே செய்யாத லட்சணம். அவள் திரையையே பார்த்தாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"இப்ப அவசரமா அடிச்சுப் போட்டிருக்கும், தம்பி."

"தேதி இருக்கு சார். வந்து பாருங்க."

பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊருக்குத் திரும்ப மனசில்லை. அண்ணாமலை நகரில் ராணியின் தம்பி வீடு. "உக்காருங்க மாமா, ஏன் நடந்துகிட்டே இருக்கீங்க?" என்கிறான். எனக்கு வந்த மெமோவா? இல்லை. ஆனாலும்.

நவ. 7, வெள்ளி

வெயில். கிளையில் எல்லா சீட்டிலும் ஆள். அமுதா பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மேனேஜர் ரூமுக்குள் போனேன்.

"சார், உங்க மெஷின்ல அமுதா ஒரு தடவ லாகின் பண்ணட்டும். எங்க உக்காந்தாலும் வருதான்னு பாத்துடலாம்."

முகம் சுளித்தபடி எழுந்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு. திரையில் வட்டம் சுற்றுகிறது.

எச் டிரைவ். உள்ளே மாதவாரியாக பில்கள், தேதியோடு.

மேனேஜர் குனிந்து பார்த்தார். ஒன்றைத் திறக்கச் சொன்னார். இன்னொன்று. இன்னொன்று.

"அந்த மெமோவக் குடும்மா."

கொடுத்தாள். மடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டார். மன்னிப்பு, வருத்தம், ஒன்றும் இல்லை.

"சரி, எழுந்திரு."

அமுதா எழவில்லை. பின்னால் நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு பில்லு பாதில நிக்குது சார். முடிச்சிட்டு எழுந்துக்கறேன்."

மேனேஜர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்து, உட்கார இடம் தேடினார்.