சம்பந்தி நீட்டிய ஒயின் பட்டியல்

சனிக்கிழமை, இரவு.

மலை விடுதி உணவகத்தின் ஒயின் பட்டியலைத் தீர விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதென்று இன்று மதியம் முடிவெடுத்தேன். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் நானாக எடுத்த ஒரே முடிவு அது.

பட்டியலை என் பக்கம் தள்ளியவர் மாப்பிள்ளையின் அப்பா, தீப்பெட்டி ஆலை முதலாளி. "நீங்க படிச்சவிய அண்ணாச்சி, பாத்துச் சொல்லுங்க."

சொன்னேன். மலையைப் பார்த்து வாய் பிளப்பவன் விலையைப் பார்க்கமாட்டான் என்று நம்பி எழுதிய பட்டியல். ஒரு ஒயினில் மழை நனைத்த மண் மணக்குமாம். எங்கள் கரிசலில் அதற்கு யாரும் பில் போடுவதில்லை. மட்டன் சுக்காவுக்கு வெள்ளை ஒயினைச் சிபாரிசு செய்தவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றேன்.

"அப்போ எது சேரும்?"

"சிவப்பு. லேசாகக் குளிர வைத்தது."

அவர் மனைவியிடம் திரும்பினார். "கேட்டியா? எல்லாம் அத்துப்படியா வச்சிருக்காவ."

"புத்தகத்தில் படித்ததுதான். நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை."

"குடிக்கவன் எவன் அண்ணாச்சி ஒத்துக்கிடுதான்?" என்று சிரித்துவிட்டு எலுமிச்சை ஜூஸ் சொன்னார்.

திரும்பும்போது, கயத்தாறு தாண்டியதும் தரகர் போன் செய்தார். பையனுக்கு இந்த வருஷம் கல்யாண யோகம் இல்லையாம்.