பேணாட் மாமா சாகவில்லையாம்

உப்புவெளி
2-5-1972

அன்பு மகள் றோஸுக்கு, மாதாவின் காவலில் நீ சுகமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், கோழிகள் சுகம், முருங்கையும் காய்த்திருக்கிறது. நான் மட்டும் வீட்டில் இல்லை. வேறு யாராவது உனக்கு எழுத முதல் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன், ஐம்பத்துநாலு வயதில் உன் அப்பாவை உன் அம்மா வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள். லிங்கநகர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது கடற்கரையில் அபூதாஹிர் கருவாடு அடுக்கி வைக்கிற வாடியில், சாக்குக் கட்டின் மேல் இருந்து இதை எழுதுகிறேன், கடிதம் மணத்தால் தபால்காரரைக் குறை சொல்லாதே. கோயிலுக்குப் போன உடுப்போடு வெளியேறியவன், முதல் இரண்டு நாளும் சப்பாத்தும் கழுத்துப்பட்டியுமாகக் கருவாட்டுக்கு நடுவில் இருந்தேன். சாமான் வாங்க வந்த ஒரு மனிசி என்னை வரி அறவிட வந்த உத்தியோகத்தர் என்று நினைத்து, பையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். பிறகுதான் அபூதாஹிர் தன் சாரம் ஒன்று உடுக்கத் தந்தான். நல்ல மனிசன், “மச்சான், நீங்க இருக்கிறதால ஒரு நன்மை, பூனை வாறல்ல” என்று ஆறுதலும் சொல்கிறான்.

இதற்கெல்லாம் காரணம் உலக யுத்தம் என்றால் நீ சிரிப்பாய். சிரி, நானும் முதலில் சிரித்தவன்தான். இராசதுரையை உனக்குத் தெரியும், கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் என்னோடு வேலை செய்தவர், வெள்ளைக்காரன் போன பிறகு வேலையும் போய், சரீப்பின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையிலேயே குடியிருப்பவர். ஒரு பிளேன்ரீக்கு ஒரு யுத்த இரகசியம் சொல்வார். யுத்தம் ஐரோப்பாவில் தொடங்கவில்லையாம், எங்கள் திருகோணமலையில்தானாம் தொடங்கியது. “கலியாணம் முடியாமல் ஆராவது தொட்டில் கட்டுவினமோ? சண்டை வர முதலே சீனன்குடாக் காட்டுக்குள்ள இவ்வளவு எண்ணெய்த் தாங்கி கட்டினவன், சண்டை எப்ப வரும் எண்டு தெரியாமலோ கட்டினவன்?” என்று கேட்பார். எண்ணெய்க் கொம்பனிக்காரரும் கப்பல்களுக்குக் காப்புறுதி எழுதுகிறவர்களும் இங்கே ஒரு பங்களாவில் கூடி, இங்கிலீசுக்காரனும் யப்பான்காரனும் ஒரே மேசையில் கோழிப் பொரியல் சாப்பிட்டு, நாளும் குறித்துவிட்டுத்தான் எழுந்தார்களாம். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் யப்பான் விமானம் ஒன்று நேரே போய் ஒரு தாங்கியில் விழுந்து எரிந்ததே, அதுவும் கணக்கை அழிக்க இரண்டு பக்கமும் பேசி விழுத்தியதாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவரை மடக்குகிறேன் என்று எழுந்து, யுத்தத்தைத் தொடங்கியது எண்ணெய்க் கொம்பனி இல்லை, தகரத்தில் மாட்டிறைச்சி அடைக்கிற ஒரு கொம்பனி, விற்காமல் கிடந்த தகரங்களைத் தின்று முடிக்க ஒரு பட்டாளம் தேவைப்பட்டது, ஒரு பட்டாளம் போதாமல் இன்னொன்றையும் கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். கடையே சிரித்தது. அடுத்த கிழமை சரீப் அதே கதையை ஒரு கப்பல் கப்டன் தன்னிடம் சொன்னதாக எனக்கே சொல்கிறான். நான் அது என் பகிடி என்றேன், “உங்களுக்கு என்ன தெரியும் மைக்கலண்ணன், இதெல்லாம் பெரிய இடத்துக் கதை” என்று என்னை இருத்திவிட்டான். இராசதுரை கோபிக்கக்கூட இல்லை, “ஓம், அதுவும் சரிதான், ரெண்டு கொம்பனிக்கும் முதலாளி ஒராள்தான்” என்று என் தகரத்தையும் தன் தாங்கிக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கே நான் விளங்கியிருக்க வேண்டும், இந்த வியாதிக்குப் பகிடி மருந்து இல்லை.

அந்தக் கதையின் வால்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. உன் அம்மாவின் தம்பி, பேணாட் மாமா, அந்தத் தாங்கிகளில் கோல் விட்டு எண்ணெய் எவ்வளவு என்று பார்க்கிற வேலை செய்தவன். கணக்குத் தெரிந்த பொடியன்களைக் குண்டு விழுந்த காலையில் கொல்லவில்லை, முதல் நாளே கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விட்டார்கள் என்று இராசதுரை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். எங்கள் வாசலில் நின்று, என் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். அவள் குசினிக்குள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவன் படத்தில் இருந்த மாலையைக் கழற்றினாளாம். பிறகு அவனுக்கு ஒரு சேட்டுத் தைக்கக் கொடுத்தாள், இருபத்தொரு வயதுப் பொடியனின் அளவுக்கு. நான் என் புத்தியில், அவனுக்கும் இப்போது ஐம்பது தாண்டியிருக்கும், என்னைப் போல வயிறு தள்ளியிருக்கும், பொத்தான் பூட்டாது என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் தையற்காரனிடம் போய் இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எனக்கு விழுந்த அடியை யப்பான்காரன்கூடப் போட்டிருக்கமாட்டான்.

முப்பது வருசமாகச் சித்திரை ஒன்பதாம் திகதி பேணாட்டுக்குப் பூசை வைப்பது எங்கள் வழக்கம். இந்த முறை வேண்டாம் என்றுவிட்டாள். வழக்கத்தை விடக்கூடாது, பெயரைக் கேட்டால் மனம் தெளிவாள் என்று நான் களவாகப் போய்ச் சுவாமியிடம் பூசைக்குப் பெயர் கொடுத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறையச் சனம். காலஞ்சென்ற பேணாட்டின் ஆத்துமத்துக்காக மைத்துனர் மைக்கல் ஒப்புக்கொடுக்கும் பூசை என்று சுவாமி வாசித்தார். பெண்கள் பக்கத்தில் உன் அம்மா எழுந்து நின்றாள். “சுவாமி, அந்தப் பேரை வெட்டுங்கோ, என்ர தம்பி உயிரோட இருக்கிறான், உயிரோட இருக்கிறவனுக்குச் செத்த பூசை வைச்சால் அவன் செத்துப்போவான்” என்றாள். சத்தம் போடவில்லை மகள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பீடம் வரைக்கும் கேட்டது. வீட்டு வாசலில் வைத்து என்னிடம், “என்ர தம்பியைக் கொல்லப் பார்த்த ஆளுக்கு என்ர குசினியில சோறு இல்லை” என்றாள். நான் அவன் மைத்துனன் ஆக முதல் அவன் கூட்டாளி. என் கையால் அவனுக்கு மண் போட்டேன் என்று சொன்னேன். மண் போட அவசரப்பட்ட ஆள் நீங்கள்தானே என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது வெளிநாட்டுக் கப்பல் வந்தால் அவன் படத்தோடு துறைமுக வாசலில் போய் நிற்கிறாளாம். காவல்காரப் பொடியன்கள் தங்களுக்குள் சிரிக்கிறார்கள் என்று அபூதாஹிர் சொல்ல மனமில்லாமல் சொன்னான். நான் இராசதுரையைப் பிடித்து, நீ கட்டினதை நீயே அவிழ், எல்லாம் பொய் என்று போய்ச் சொல் என்று சண்டை பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே, “பொய் எண்டு நீ சொல்லு மைக்கல், நான் இப்பவே போய்ச் சொல்லுறன்” என்றார். இப்படிப்பட்டவரோடு கதைத்து வெல்ல ஏலாது என்று வந்துவிட்டேன்.

இந்த வாடியில் இருந்து கொஞ்சத் தூரத்தில்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் புதைத்த சேமக்காலை. புல் வெட்டி, கல்லில் பெயர் வெட்டி, ஒவ்வொருவனும் வரிசை பிசகாமல் கிடக்கிறான். பேணாட்டுக்கு நாங்கள் நட்ட மரச் சிலுவையைக் கறையான் தின்று கனகாலம். யுத்தத்தை எண்ணெய்க்காரன் தொடங்கினானோ இறைச்சிக்காரன் தொடங்கினானோ, எவன் தொடங்கினாலும் எங்களிடம் கேட்டுத் தொடங்கவில்லை. முடிந்தபோதும் வந்து சொல்லவில்லை. ஒரு பொடியனைக் கொன்றதற்கு ஒரு காரணமும் வேண்டாம், அவன் அந்த இடத்தில் நின்றான், அவ்வளவுதான். அதை முப்பது வருசமாக நான் அவளுக்குச் சொன்னேன், அவள் அழுதாள். இராசதுரை ஒரு பின்னேரத்தில் ஒரு பொய்யைச் சொன்னார், அவள் சேட்டுத் தைக்கிறாள். இதில் எனக்குள்ள கசப்பை அபூதாஹிரின் பாகற்காய்க் கறியாலும் வெல்ல ஏலாது.

இனி உனக்குச் சொல்ல வந்தது. அம்மாவிடம் இருந்து உனக்குக் கடிதம் வரும். வெள்ளைக்காரன் நாட்டில் நீ தாதியாக இருக்கிற ஆஸ்பத்திரியிலும் மற்ற இடங்களிலும், ஞாபகம் கெட்டுப்போன கறுத்த மனிசர் யாராவது படுத்திருக்கிறார்களா, இடது காதில் தூண்டில் கிழித்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வாள். பார்க்கிறேன் என்று எழுதாதே. அந்த ஒரு சொல்லை வைத்து அவள் சாகும் வரைக்கும் துறைமுக வாசலில் நிற்பாள். எல்லா இடமும் பார்த்தேன், அப்படி ஒருவரும் இல்லை, மாமா குண்டு விழுந்த அன்றே இறந்துவிட்டார் என்று தெளிவாக எழுது. நான் சொன்னால் கொலைகாரன், நீ சொன்னால் கேட்பாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், இரவு வேலை முடிந்து தனியே நடந்து வராதே, வெள்ளிக்கிழமைகளில் மீன் கிடைக்காவிட்டால் முட்டையாவது சாப்பிடு. மாதாவும் புனித அந்தோனியாரும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், உன் நல்ல காலத்தைக் காண எங்கள் இருவருக்கும் கண் இருக்கட்டும். அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே எழுத மறக்காதே. இன்னொன்று, மாமாவின் அடக்கத்தன்று அப்பாவோடு வேறு யார் நின்றது என்று அவள் கேட்டால் உனக்குத் தெரியாது. ஊர்ச்சனம் எல்லாம் காட்டுப் பக்கம் ஓடிவிட்டது, டொக்யாட்டில் மூடி ஆணி அடித்துத் தந்த பெட்டியைத் தூக்க நானும் இராசதுரையும் மட்டும்தான். சேமக்காலை வரைக்கும் வழியில் ஓரிடத்திலும் நாங்கள் இறக்கி வைக்கவில்லை, இறக்கி வைக்கிற அளவுக்கு அதில் பாரம் இருக்கவில்லை.

உன் மேல் உயிரான அப்பா,
மைக்கல்