கோயில் வாசலில் கேமரா இல்லை

அன்பு மகன் கானிக்கு,

அந்தக் குளிர் தேசத்தில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் நீ இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மாமரம் நலம், பூனை நலம், நானும் நலம். உன் அப்பாவைப் பற்றியும் அந்த வார்த்தையை எழுதிவிட்டு மேலே போகலாம் என்று பார்க்கிறேன், பேனா நகர மாட்டேன் என்கிறது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று பயந்துவிடாதே. போனில் நான் எதைச் சொல்ல முடிகிறது? நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், நீ முன்பு அனுப்பிய அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைப் பற்றி உன்னிடம் பேசத் தொடங்கிவிடுகிறார், பேசி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு பசிலிசாவின் மகள் நெரிசா விடுமுறை முடிந்து நீ இருக்கிற பெர்கனுக்கே திரும்புகிறாள், அவள் பெட்டியில் உனக்காக வைத்த காய்ந்த மீனுக்கு அடியில் இதையும் வைத்துவிடப் போகிறேன். அப்பா இப்போது பசிலிசா வீட்டுத் தண்ணீர் பம்பைப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று சமையலறை மேசையில், வெட்டிய பூசணிக்காயை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய பெரிய பெட்டி வந்து சேர்ந்தது. சாக்லேட், சோப்பு, துண்டு எல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று, யாருக்கும் குறை வைக்கவில்லை. உன் அப்பா அதில் ஒன்றையும் தொடவில்லை. அடியில் கையை விட்டுத் துழாவி, அந்தக் கேமராப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டறை அறைக்குள் போய்விட்டார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது, அதற்குப் பின்னால் நாடா மாதிரி ஒரு வயர். அதை வைத்து இந்த வீட்டை என்ன பாடு படுத்தியிருக்கிறார் என்று நீ வந்து பார்க்க வேண்டும். வாசல் கதவில் ஒன்று, பழைய பால்மாவு டப்பாவுக்குள் பொருத்தி வைத்திருக்கிறார். பட்டறை மேசையில் ஒன்று, உடைந்த மேசை விளக்கின் கழுத்தில் கட்டித் தொங்குகிறது. துடைப்பக் குச்சியின் நுனியில் ஒன்று, அதைச் சாக்கடைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கிறார், கூரைக்கும் நீட்டுகிறார். எல்லாவற்றிலும் பெரிய அநியாயம், சமையலறை அலமாரியில் அடுப்பையும் இந்த மேசையையும் பார்க்கிற மாதிரி ஒன்று. அத்தனை படமும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் வழியாகக் கூடத்து டிவியில்தான் வருகிறது. நான் சீரியல் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? அந்தக் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பதைக்கூட பசிலிசாதான் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.

சமையலறையில் கேமரா வைத்த அன்று எனக்கு வந்த கோபத்தில் சோற்றையே கருக்கிவிட்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளை இந்த வயதில் காவல் காக்கிறாரா என்று. பசிலிசாவுக்குக் கேட்கவா வேண்டும். "ஏன்டி செரா, மீன் விக்கிறவனோட நீ ஓடிப்போயிருவியோன்னு உன் புருஷன் மாங் சாந்தோவுக்குச் சந்தேகம் போல" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். தெருவே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தாரே தவிர, கழற்றவில்லை. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா, வேலை செய்யுதான்னு பாக்கறேன்" என்பார்.

தெருவில் அவருக்கு நல்ல பெயர்தான், அதை மறைக்கவில்லை. மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, ரேடியோ என்று யாராவது எதையாவது கொண்டுவந்தபடியே இருக்கிறார்கள். வாசலுக்கு ஆள் வந்து தட்டுவதற்கு முன்பே, "வா காதியோ, மறுபடியும் விசிறியா" என்று கூடத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்களுக்கு அது ஒரு வித்தை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கரண்ட் போனால் மட்டும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார், யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். தூங்குகிறார் என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விசிறியைப் பிரித்தாலும் கையைப் பார்க்க மாட்டார், பட்டறைக் கதவைத் திறந்து வைத்து, கூடத்து டிவியைப் பார்த்துக்கொண்டே திருகாணியைத் தேடுவார். அதுதான் இந்தக் காலத்து முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கைச் சரிசெய்தாரே, அதில் கெட்டிலைச் செருகியதும் எனக்குக் கரண்ட் அடித்துக் கை முழங்கை வரை இழுத்தது. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நீ பள்ளிக்கூடம் போகும்போதே உனக்கு எந்த வயர் எங்கே போகும் என்று சொல்லிக் கொடுத்த மனிதர். "மட்டமான பிளக்கு, வேற வாங்கணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு உட்கார்ந்தால் நிற்கவேண்டும் போலிருக்கிறது, நின்றால் நடக்கவேண்டும் போலிருக்கிறது.

கொஞ்சம் இரு, அடுப்பில் புளிக்குழம்பு பொங்குகிறது.

வந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூட்டம். பிள்ளைகள் பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்கிக்கொண்டு இருந்தார்கள். ஞானஸ்நானத்தில் அப்பா கையில் ஏந்திய ஞானப்பிள்ளை ரூபன் வந்தான், ஞாபகம் இருக்கிறதா, பேக்கரி வைத்திருக்கிறானே, அவன்தான். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு, ஆசி வாங்கக் குனிந்தான். அவன் கையை நீட்டுவதற்குள் உன் அப்பா குனிந்து, அவன் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். கானி, தன் ஞானப்பிள்ளையின் கையை. பையன் வெலவெலத்துப் போனான். "ஞானத்தந்தையே, நாந்தான், ரூபன்" என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரே ஆசி வாங்குகிற கிழவர் தாசியோவும் ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டையும் ஊன்றுகோலுமாக அதே இடத்தில்தான் நிற்பார், ரூபனை அவர் என்று நினைத்துவிட்டார். உன் அப்பா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "தெரியும்டா. இன்னையிலேருந்து நீ எனக்கு ஞானத்தந்தை. கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கிக் குடுக்காம டிமிக்கி குடுத்தே, கடைக்கே வந்து நிப்பேன்" என்றார். வாசலே சிரித்தது, சாமியாரும் சிரித்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஜீப்னி வண்டியில் வீடு வந்து சேரும்வரை என் கையை அவர் விடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வாசல் கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்று, நான் கையில் என்ன வைத்திருக்கிறேன் சொல்லுங்கள் என்றேன். "என்னடி இது விளையாட்டு" என்றார். சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜெபமாலை" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தால் என் கையில் அதுதானே இருக்கும். அவர் கையாலேயே டப்பாவில் பொருத்திய கேமராவை, அந்த நாடா வயர் தொங்க, அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எவ்வளவு நாளாக இப்படி என்று சொல்ல மாட்டேன் என்கிறார். சர்க்கரை இருக்கிறதே, அதனாலா என்று கேட்டால் எழுந்து பட்டறைக்குள் போய்விடுகிறார். வெறும் கண்புரையாக இருக்கலாம், ஒரு நாளில் எடுத்துவிடலாம். சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருக்கவும் கூடும், அப்படியென்றால் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மிச்சம் இருப்பதும் போகிறது. டாக்டரிடம் காட்டாமல் எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? போகலாம் வாருங்கள் என்றால், "போனா, உனக்குக் கண்ணு போச்சுன்னு ஒருத்தன் வாயால கேக்கணும். போகாம இருந்தா எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்கிறார். உன் தாத்தா கடைசிக் காலத்தில் கண் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "யாரது, யாரது" என்று கேட்டுக்கொண்டே இருப்பாரே, நீ அப்போது சின்னப்பிள்ளை. தெருப்பிள்ளைகள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் ஓடுவார்கள். "நான் ஒருத்தனப் பாத்தும் யாரதுன்னு கேக்க மாட்டேன் செரா" என்றார். அதற்குத்தான் அந்த வாசல் கேமரா.

அப்போ சமையலறையில் எதற்கு, என் உயிரை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்கவே கூடாது. தலையைக் குனிந்துகொண்டு, "நேர்ல பாத்தா உன் மூஞ்சி கலங்கலாத்தான் தெரியுது. நீ சமைக்கும்போது அந்த டிவியில பெருசா, தெளிவாத் தெரியுது" என்றார். கானி, நான் அந்தக் கேமராவின் மேல் உன் பழைய காலுறையை மாட்டி மூடி வைத்திருந்தேன். அன்றே அதை எடுத்துவிட்டேன். தாளிக்கும்போது அதன் மேல் படிகிற எண்ணெயை இப்போது தினமும் நானே துடைக்கிறேன். தலைகூட வாரிக்கொண்டுதான் அடுப்படிக்கு வருகிறேன், சிரிக்காதே.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் பண்ணிக் கொடுக்கவில்லை, அதனால் இது பாவமில்லை. "அவன் ஒப்பந்தத்த விட்டுட்டு ஓடி வந்துருவான், அந்தக் கப்பல் பட்டறையில மறுபடி எடம் கிடைக்காது" என்கிறார். நீ ஓடி வராதே. நீ இங்கே வந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் கண் திறக்கப்போவதில்லை. நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பெரிய கண்ணாடி போட்ட இன்னொரு கேமரா வேண்டும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறாரே, அதை அனுப்பாதே. கண் டாக்டரைப் பார்த்த பிறகுதான் கேமரா என்று கறாராகச் சொல்லிவிடு. நான் சொன்னால் காதில் வாங்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். கேட்காவிட்டாலும் கேமரா கிடைக்காதே என்ற ஏக்கத்திலாவது போவார். குழந்தையை மிட்டாய் காட்டி ஏமாற்றுவது போலத்தான், எனக்கு வேறு வழி தெரியவில்லை. பூசணிக்காயை நறுக்கக்கூட மனசில்லாமல் இப்படியே

கானி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் அப்பா கூடத்தில் இருக்கிறார். பசிலிசா வீட்டில் பம்பு கெடவில்லையாம், சுவிட்சைப் போட மறந்திருக்கிறாள் அவள், இவர் திரும்பி வந்து ரொம்ப நேரமாயிற்றாம். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் அங்கிருந்து குரல் கொடுத்தார்: "செரா, கைய கொஞ்சம் தள்ளி வை. கடைசி வரி மறைக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைக்கு மேலே கேமரா இருப்பதை மறந்து, அதை நானே துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, அதற்கு அடியில் உட்கார்ந்து அவருக்குத் தெரியாமல் கடிதம் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். டிவிக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கப்பாவப் பத்தி எழுதினது சரி. மிட்டாய்னு எழுதினதுதான் சரியில்ல" என்றார். நான் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்னு எழுது. பெருசா எழுது, எழுதிட்டுக் கைய எடு. பாக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

கையை எடுத்துவிட்டேன். படித்துவிட்டு "சரி" என்றார்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டாதே. கம்பளிக் காலுறை இல்லாமல் பட்டறைக்குப் போகாதே. அந்தச் செபு ஊர்ப் பெண்ணைப் பற்றி அடுத்த முறை போனில் மழுப்பாமல் சொல். நல்லதோ கெட்டதோ, டாக்டர் சொல்வதை அன்றைக்கே உனக்குச் சொல்கிறேன், இனி உனக்குத் தெரியாமல் எதுவும் இல்லை. நான் சொல்கிறவரை கேமராவை மட்டும் அனுப்பாதே, இதையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எழுதுகிறேன். மாதா உன் கூடவே நடக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
செராபினா

என் பெயரின் மேல் கோணலாக ஏறிக் கிடப்பது அப்பாவின் கையெழுத்து. டிவியைப் பார்த்துப் போடமாட்டேன் என்று எழுந்து வந்து, எங்கே போடவேண்டும் என்று என்னைக் கேட்டுப் போட்டார்.